பிடிலுக்குக் கோபம் வந்தால் லோன் இல்லை!

லோன் கேட்டு பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஃபைல் பக்கா. சம்பள சிலிப், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வரிசையாகக் கோத்தாகிவிட்டது. மேனேஜர் புரட்டிப் பார்க்கிறார். டீ சொல்கிறார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி, "எலெக்‌ஷன் முடியட்டுமே சார்... புது ரூல் என்னென்ன வருமோ, பார்த்துட்டுச் செய்வோம்" என்கிறார். என் மொட்டைமாடி ரூமுக்கும் எலெக்‌ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டீயும் கேன்சலாகிவிடும்!

இந்த 'பார்த்துட்டுச் செய்வோம்' மனநிலையை அளக்க அமெரிக்காவில் பேக்கர், புளூம், டேவிஸ் என்று மூன்று பேராசிரியர்கள் ஒரு மீட்டரே செய்து வைத்திருக்கிறார்கள். பயங்கரமான கணக்கு என்று நடுங்க வேண்டாம். செய்தித்தாள்களைப் பிரித்து, பொருளாதாரம், நிச்சயமின்மை, அரசின் கொள்கை ஆகிய மூன்றும் சேர்ந்து அடிபடும் கட்டுரைகள் எத்தனை என்று எண்ணுவதுதான் அதன் முக்கியப் பகுதி! அந்த எண் ஏறினால் வங்கிகள் கடன் கொடுப்பது மந்தமாகிறது என்றும், மூலதனமும் கையிருப்பும் ஒல்லியாக இருக்கிற வங்கிகள் முதலில் கையை இழுத்துக்கொள்கின்றன என்றும் பிறகு வந்த ஆய்வுகள் கண்டுபிடித்தன. நம் மேனேஜருக்கு இது மீட்டர் இல்லாமலே தெரியும்.

அந்த மூவரில் புளூமின் முதல் பெயர் நிக்கோலஸ். கிட்டத்தட்ட 200 வருடங்களுக்கு முன் அதே அமெரிக்காவில் இன்னொரு நிக்கோலஸ் இருந்தார். புளூம் நிச்சயமின்மையை அளந்தார் என்றால், அவர் அதை உற்பத்தியே செய்தார்!

அவர் முழுப்பெயர் நிக்கோலஸ் பிடில். (நான் வைத்த பெயர் இல்லை, சத்தியமாக.) 1786-ல் பிலடெல்பியாவில் பிறந்த மேதாவிக் குழந்தை. பத்து வயதில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நுழைந்து, 13 வயதில் படிப்பை முடித்தவருக்கு, 'ரொம்பச் சின்னப் பையனாக இருக்கிறாயே' என்று டிகிரி கொடுக்க மறுத்துவிட்டார்கள். பையன் பிரின்ஸ்டனுக்குப் போய் 15 வயதில் முதல் மாணவனாக வெளியே வந்தான். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் அரியர்ஸ் வைத்திருப்பவர்கள் என்ற எண்ணம் பிடிலுக்குப் போகவேயில்லை.

இலக்கியப் பத்திரிகை நடத்தினார். கிரீஸுக்குப் போய்வந்து கிரேக்கப் பித்துப் பிடித்து, வீட்டு முகப்பில் பெரிய பெரிய தூண்கள் எழுப்பினார். கவிதையும் உண்டு. பிலடெல்பியாவில் போகிள் என்று ஒரு கேட்டரிங்காரர். பெரிய வீட்டுக் கல்யாண விருந்தும் அவர் பொறுப்பு, சாவு ஊர்வலமும் அவர் பொறுப்பு. அந்த ஆல்-இன்-ஆல் மனிதரைப் புகழ்ந்து பிடில் ஒரு கவிதை எழுதினார். எழுதியபோது அவர் ஒரு பேங்கின் தலைவர். அதுவும் நாட்டிலேயே பெரிய பேங்க்!

யுனைடெட் ஸ்டேட்ஸ் பேங்க் என்று அதற்குப் பெயர். 1816-ல் 20 வருட லைசென்ஸோடு தொடங்கியது. மூலதனம் 3.5 கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசாங்கத்துடையது. வசூலாகும் வரிப்பணம் முழுக்க இங்கேதான் வந்து விழும். தலைமை அலுவலகம் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் மாதிரியே பளிங்கில் கட்டப்பட்டது. வட்டி கட்ட வருகிறவன் தேங்காய், பழத்தட்டோடு வராததுதான் பாக்கி.

இந்த பேங்க் ஒரு வகையில் ஹெட்மாஸ்டர். அந்தக் காலத்து அமெரிக்காவில் சின்ன பேங்குகள் தங்கள் நோட்டைத் தாங்களே அச்சடித்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கடன் என்றால் சொந்த நோட்டுக் கட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நோட்டு ஊர் சுற்றி, வரியாகக் கட்டப்பட்டு, கடைசியில் பிடிலின் கல்லாவுக்கு வந்து சேரும். உடனே ஆள் அனுப்புவார்: 'இந்தாங்க உங்க நோட்டு, வெள்ளியை எடுங்க!' இந்த பயத்தினால்தான் சின்ன பேங்குகள் அளவோடு அச்சடித்து, அளவோடு கடன் கொடுத்தன. உள்ளுக்குள் ஒவ்வொரு பேங்க் ஓனரும், இந்த ஹெட்மாஸ்டருக்கு எப்போது டிரான்ஸ்ஃபர் வரும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

டிரான்ஸ்ஃபர் ஆர்டர், 1829-ல் வாஷிங்டனுக்கு வந்தது. பெயர் ஆண்ட்ரூ ஜாக்சன், புது ஜனாதிபதி.

1815-ல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படையை ஓடவிட்ட தளபதி. 1806-ல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் எதிராளியைச் சுட்டுக் கொன்றவர். எதிராளி முதலில் சுட்ட குண்டு நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. 1813-ல் பென்ட்டன் என்ற சகோதரர்களோடு நடந்த கைகலப்பில் தம்பி பென்ட்டன் சுட்ட குண்டு தோளில் பாய்ந்தது. அண்ணன் பென்ட்டன் பின்னாளில் செனட்டராகி, ஜாக்சனின் வலது கையாகிவிட்டார்! சுட்டவர்களை மன்னிக்கிற இந்தப் பெருந்தன்மை, ஜாக்சனுக்குக் கடன் கொடுக்கிறவர்களிடம் மட்டும் வரவில்லை.

அதற்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. 1795-ல் ஜாக்சன் தன் நிலத்தை டேவிட் ஆலிசன் என்ற வியாபாரிக்கு விற்றார். காசுக்குப் பதில் புரோநோட்டு. அதில் தானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தன் கடைக்குச் சரக்கு எடுத்தார். ஆலிசன் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட, கையெழுத்துப் போட்டவர் தலையில் மொத்தக் கடனும் விழுந்தது. நிலமும் போய், காசும் போய், வருடக்கணக்கில் கடனடைத்த ஜாக்சனுக்கு அன்றிலிருந்து காகிதப் பணம் என்றாலே குமட்டல். அந்த மனுஷர் படத்தை 1928 முதல் 20 டாலர் நோட்டில் போட்டிருக்கிறார்கள். வெளியிடுவது மத்திய வங்கி! இதைவிட மோசமாக ஒருவரைப் பழிவாங்க முடியுமா?

ஜாக்சன் ஒளிவுமறைவு இல்லாதவர். பிடிலையே நேரில் வைத்துக்கொண்டு, 'உங்கள் பேங்க் மேல் எனக்குத் தனியாக வெறுப்பு ஒன்றும் இல்லை. எல்லா பேங்க் மேலும் அதே அளவுதான். 1720-ல் லண்டனில் சவுத் ஸீ கம்பெனி ஊதி வெடித்த கதையைப் படித்ததிலிருந்தே எனக்கு பேங்க் என்றால் பயம்' என்ற ரீதியில் சொல்லிவிட்டார். பிடில் வீட்டுக்குப் போய் இதைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டார். அர்த்தம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. முதல் ரேங்க் வாங்குகிறவர்களுக்கு சில சமயம் சுலபமான கேள்விதான் அவுட் ஆஃப் சிலபஸ்!

பேங்கின் லைசென்ஸ் 1836 வரை இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் 1832-ல் ஜனாதிபதித் தேர்தல். எதிரணி வேட்பாளர் ஹென்றி கிளே, பிடிலின் காதில் ஓதினார்: 'லைசென்ஸ் புதுப்பிக்கும் மசோதாவை இப்போதே கொண்டுவா. தேர்தல் வருடத்தில் கிழவர் கை வைக்க மாட்டார்.' பிடில் சரி என்றார். மசோதா இரு சபையிலும் பாஸ். ஜூலை 10 அன்று ஜாக்சன் வீட்டோ! கட்டிலில் கிடந்த ஜாக்சன் தன் நண்பர் வான் பியூரனிடம், 'பேங்க் என்னைக் கொல்லப் பார்க்கிறது. நான் அதைக் கொல்கிறேன்' என்றாராம். போகிளுக்கு இந்தத் தகவல் போனதா, தெரியாது.

அடுத்து பிடில் செய்ததுதான் மாஸ்டர்பீஸ். ஜாக்சனின் வீட்டோ அறிக்கையைப் படித்தார். ஏழைகளின் உழைப்பில் பணக்காரன் கொழுப்பதா என்ற தொனியில் பொங்கியிருந்த அறிக்கை. 'சே, என்ன ஒரு உளறல்! இதை மக்கள் படித்தாலே போதும், கிழவர் காலி' என்று பேங்க் செலவில் 30,000 பிரதிகள் அச்சடித்து நாடு முழுக்க விநியோகித்தார். மக்களும் படித்தார்கள். படித்துவிட்டு ஜாக்சனுக்கு 219 தேர்வாளர் ஓட்டு, கிளேவுக்கு 49! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்வோம். பிடில் மொத்த விலையில் வைத்துக்கொண்டார்.

இப்போது ஒரு சின்ன பேங்க் மேனேஜராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட்மாஸ்டர் இன்னும் நாலு வருடம் இருப்பாரா, நாளைக்கே போவாரா? அரசாங்கப் பணம் எங்கே போகும்? உங்கள் நோட்டை நாளை யார், எவ்வளவு கொண்டுவந்து நீட்டுவார்கள்? ஹெட்மாஸ்டர் மோசமானவர் என்றால்கூட அதற்கேற்ப நடந்துகொள்ளலாம். யார் ஹெட்மாஸ்டர் என்றே தெரியாதபோது எந்த தைரியத்தில் பத்து மாதத் தவணைக்குக் கடன் கொடுப்பீர்கள்?

ஜாக்சனோ அவர்களை யோசிக்கவே விடவில்லை. 1836 வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், அரசாங்க டெபாசிட்டை இப்போதே எடு என்றார். பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று பிரதிநிதிகள் சபையே ஓட்டுப் போட்டுச் சொல்லியாயிற்று. அதனாலென்ன? கையெழுத்துப் போட வேண்டிய நிதியமைச்சர் மக்லேனுக்கு மனசில்லை. அவரை வேறு இலாகாவுக்கு மாற்றினார். அடுத்து வந்த டுவேன் 'எடுக்கவும் மாட்டேன், ராஜினாமாவும் செய்ய மாட்டேன்' என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். 1833 செப்டம்பரில் டிஸ்மிஸ்! மூன்றாவதாக டேனி வந்தார், மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். ஒரே வருடத்தில் மூன்று நிதியமைச்சர்கள். கிரிக்கெட்டில்கூட ஓப்பனிங் பேட்ஸ்மேனுக்கு இதைவிட அதிகச் சான்ஸ் கொடுப்பார்கள்.

எடுத்த பணத்தைப் போட்ட பேங்குகளுக்கு ஊரார் வைத்த பெயர், 'செல்லப்பிராணி பேங்குகள்'. பால்டிமோரில் அப்படிப் பொறுக்கியெடுத்த ஒரு பேங்கில் டேனியே பங்குதாரர். சும்மா தற்செயல்தான்.

பிடில் சீறினார். செவ்விந்தியர்களோடு சண்டை போட்டு ஜெயித்ததால் பேங்கிடமும் ஜெயித்துவிடலாம் என்று இந்த ஜனாதிபதி நினைக்கிறார், அது நடக்காது என்கிற மாதிரி நண்பருக்குக் கடிதம் எழுதினார். கூடவே, கொடுத்த கடன்களைத் திருப்பி இழுக்கத் தொடங்கினார். 1833 ஆகஸ்டில் சுமார் 6.4 கோடி டாலராக இருந்த கடன், ஜனவரிக்குள் சுமார் 5.5 கோடி. டெபாசிட் போனதால் கொஞ்சம் சுருக்க வேண்டியது நியாயம்தான். ஆனால் பிடில் தேவைக்கு மேலேயே நெருக்கினார். ஊர் கஷ்டப்பட்டால்தான் காங்கிரஸுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, உறைக்கும் என்று கடிதங்களில் எழுதியும் வைத்தார். (எழுதி வைக்கிற பழக்கம் இவரை விடவேயில்லை.) ஊர் எரிந்தபோது பிடில் வாசித்தவர் நீரோ என்பார்கள். பிடிலே ஊரைக் கொளுத்தியது இங்கேதான்!

பெரிய பேங்க் சுருக்கினால், சின்ன பேங்குகள் சும்மா இருக்குமா? நமக்கும் ஆள் வருவானே என்று அவையும் கதவை அடைத்தன. கம்பெனிகள் திவாலாயின. இந்தக் கலவரத்தில் பேங்கின் வக்கீலும் செனட்டருமான டேனியல் வெப்ஸ்டர், 'என் ஃபீஸ் வழக்கம்போல இன்னும் புதுப்பிக்கப்படவில்லையே' என்று பிடிலுக்கு நாசூக்காக ஒரு நினைவூட்டல் அனுப்பினார். நாட்டில் எல்லாருக்கும் கடன் சுருங்கிய நேரத்தில் தன் வரவு சுருங்கக்கூடாது என்று யோசித்த தேசத் தலைவர்!

வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக வெள்ளை மாளிகைக்குப் போய் அழுதார்கள். ஜாக்சன் எகிறினார்: 'இங்கே எதற்கு வந்தீர்கள்? பிடிலிடம் போங்கள், பணமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது!' கிழவருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது என்று பயந்து ஓடினார்கள். அவர்கள் போனதும் ஜாக்சன் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்வார்கள். சிவாஜி கணேசன் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். வியாபாரிகள் பிடிலிடம் போனார்கள்; அவர் வாஷிங்டனைக் கை காட்டினார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. செனட்டோ 1834 மார்ச்சில் ஜாக்சனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மூன்று வருடம் கழித்து, நம்ம அண்ணன் பென்ட்டன் சண்டை போட்டு, பதிவேட்டில் அந்தத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட வைத்தார். டெலீட் பட்டன் இல்லாத காலம்.

கடைசியில் பிடிலின் சொந்த ஊர் வியாபாரிகளும் கவர்னரும் வெறுத்துப்போக, 1834-ல் பிடியைத் தளர்த்தினார். அதற்குள் நிலவரம் சாமானியர் வரைக்கும் பரவிவிட்டது. 1835 ஜனவரி 30 அன்று, ரிச்சர்ட் லாரன்ஸ் என்ற வேலையில்லாத பெயின்டர் ஜாக்சனை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார். சுடவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் சுடவில்லை. 67 வயது ஜாக்சன் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அவர் மேல் பாய்ந்தார்! விசாரணையில் லாரன்ஸ், தான் இங்கிலாந்தின் ராஜா என்றார். கூடவே, ஜாக்சன் செத்தால் நாட்டில் பணப்புழக்கம் அதிகமாகும் என்றும் சொன்னார். டாக்டர்கள் அவருக்குச் சித்தப்பிரமை என்று முடிவு கட்டினார்கள். அந்த இரண்டாவது கருத்தை வைத்திருந்த பேங்கர்கள் எத்தனையோ பேர் வெளியேதான் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் புண்ணியம். ஆனால் ஹெட்மாஸ்டர் பல் பிடுங்கப்பட்டதும் பசங்கள் வகுப்பில் என்ன செய்வார்கள்? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். 1830-ல் 330 வாக்கில் இருந்த பேங்குகள், 1837-ல் 700-ஐத் தாண்டின. போட்டி போட்டு நோட்டு அச்சடித்து, போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. அந்த நோட்டை வைத்து மேற்கே அரசாங்க நிலத்தை வளைத்தார்கள். (அந்த நிலத்திலிருந்து செவ்விந்தியர்களை ஜாக்சன் விரட்டியது வேறு கதை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை.) 1836-ல் மட்டும் நில விற்பனை சுமார் 2.5 கோடி டாலர்! காகிதப் பணத்தை ஒழிக்கக் கிளம்பியவரின் ஆட்சியில் காகிதம் மழையாகப் பெய்தது.

ஜாக்சன் திடுக்கிட்டார். 1836 ஜூலையில், காங்கிரஸ் கலைந்து ஊருக்குப் போன பிறகு, ஒரு சர்க்குலர்: இனிமேல் அரசாங்க நிலம் வாங்க தங்கம், வெள்ளி மட்டும்! நேற்று வரை நோட்டு செல்லும், இனி செல்லாது. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கும்.) இதற்குச் சுமார் மூன்று வாரம் முன்புதான், கஜானாவில் மிஞ்சிய பணத்தை 1837 ஜனவரியிலிருந்து தவணை தவணையாக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். நிலம் வாங்க வெள்ளி மேற்கே போக வேண்டும். பங்கு பிரிக்கப் பணம் ஊர் ஊராகத் திரும்ப வேண்டும். செல்லப்பிராணி பேங்க் மேனேஜர் நிலையைப் பாருங்கள். கல்லாவில் இருக்கும் டெபாசிட் ஜனவரியில் எந்த மாநிலத்துக்கு, எந்த ஊருக்குப் போக வேண்டியிருக்குமோ? அதை நம்பி எவனுக்காவது கடன் கொடுப்பாரா? நியூயார்க்கில் வட்டி, நம் ஊர்க் கணக்கில் ரெண்டு வட்டியைத் தொட்டு மேலே போனது.

சர்க்குலரை ரத்து செய்ய காங்கிரஸ் ஒரு மசோதா நிறைவேற்றியது. 1837 மார்ச் 3, ஜாக்சனின் பதவியின் கடைசி ராத்திரி. மசோதா மேஜைமேல் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை, போடாத காரணத்தை ஒரு குறிப்பில் எழுதி, அதன்மேல் நேரத்தையும் குறித்தார்: இரவு மணி 11.45. பேங்கர்களுக்கு நிம்மதியாகத் தூங்கப் பதினைந்து நிமிடம் மட்டுமே பாக்கி வைத்த மனிதர்!

மறுநாள் வான் பியூரன் ஜனாதிபதி. மே 10 அன்று நியூயார்க் பேங்குகள், நோட்டுக்கு வெள்ளி தர முடியாது என்று கைவிரித்தன. நாடெங்கும் அதே கதை. முந்தின சாப்பாட்டுக்கு மொய் எழுதுவது அடுத்து உட்கார்ந்தவர்தான் என்பது பந்தியிலும் உண்டு, அரசியலிலும் உண்டு.

எல்லாமே ஜாக்சனும் பிடிலும் செய்த வேலைதானா? இல்லை என்று 1969-ல் பீட்டர் டெமின் என்ற பொருளாதார நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். காகித மழைக்கு மெக்சிகோ வெள்ளி காரணம். முன்பெல்லாம் அந்த வெள்ளி அமெரிக்க வியாபாரிகள் கையில் சீனாவுக்குப் போகும். சீனர்கள் அபினிக்குப் பணம் கட்டும் அவசரத்தில் வெள்ளிக்குப் பதில் லண்டனில் பணமாக்கும் உண்டியல் சீட்டே போதும் என்றதால் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. (அபினி பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்கு. எதிலெல்லாம் நமக்குப் பங்கு, பாருங்கள்!) சரிவுக்கு, பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை ஏற்றியதும் பருத்தி விலை விழுந்ததும் பெரிய காரணங்கள். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் அதிகம் நொந்திருக்க வேண்டியவர்கள் ஜாக்சனும் பிடிலும். நாட்டையே குட்டிச்சுவராக்கும் சக்தி தங்களுக்கு உண்டு என்று இரண்டு பேரும் எவ்வளவு நம்பியிருந்தார்கள்!

பிடில் தன் பேங்குக்குப் பென்சில்வேனியா மாநில லைசென்ஸ் வாங்கி, பருத்தி வியாபாரத்தில் இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டார். 1841-ல் பேங்க் மூழ்கியது. மோசடி வழக்கில் கைதாகி, விடுதலையாகி, 1844-ல் தூண் வைத்த அதே வீட்டில் கண்ணை மூடினார். பேங்கின் பார்த்தினான் கட்டடம் மட்டும் அப்படியே இருக்கிறது. பின்னாளில் அதற்குள் ஓவியக் கூடம் வந்தது.

ஜாக்சனோ 1835-ல் அமெரிக்காவின் தேசியக் கடனை முழுசாக அடைத்த பெருமையோடு, கையில் வெறும் 90 டாலருடன் வீடு திரும்பியவர். ஊரில் வளர்ப்பு மகன் வாங்கி வைத்த கடன் காத்திருந்தது. பருத்தி விலையும் பாதாளத்தில். 1843-ல் உயில் எழுத உட்கார்ந்தார். தன் சொத்திலிருந்து முதலில் அடைக்க வேண்டிய பாக்கி என்று அதில் இரண்டு வரிகள் வருகின்றன. நியூ ஆர்லியன்ஸ் நண்பர் பிளாஷேக்கு 6,000 டாலர், வட்டியோடு. பத்திரிகை நடத்திய பழைய சகா பிளேருக்கும் அவர் கூட்டாளிக்கும் 10,000 டாலர், அதுவும் வட்டியோடு.